கல்மேடு நகர்ந்த தூரம்

ஐவிந்த் தன் கிடாவைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு கடல்முனையின் மேல் ஏறி வந்த காலையில் ஔதுன் நல்ல மனநிலையில் இருந்தான். அந்த வருடம் அவனுக்கு எல்லாமே நன்றாக நடந்திருந்தது. பார்லி முற்றிய பிறகுதான் மழை வந்தது. தெற்கே போன அவனுடைய சரக்குப் படகு முழுசாகத் திரும்பி வந்தது. "நியோர்த் மாதிரி பணக்காரன்" என்று அந்தக் கரையில் ஒரு வழக்குச்சொல் உண்டு. நியோர்த் கடலின் கடவுள். காற்றை அடக்குபவர், படகை நிரப்புபவர், வேண்டியவனுக்குச் செல்வத்தை அள்ளித் தருபவர். அந்த இலையுதிர்காலத்தில் ஊரார் அந்தச் சொல்லை ஔதுனைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அவன் அதை மறுக்கவில்லை.

மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு நுழைந்திருந்த அந்த ஃபியோர்டுக்கு அவன்தான் பூசாரி. அது தனித் தொழில் அல்ல. மற்றவர்களைப் போல அவனும் உழுதான், மீன் பிடித்தான், வேலி கட்டினான். நியோர்த்தின் கல்மேடு அவனுடைய மேய்ச்சல் நிலத்தில் இருந்ததால் பலி கொடுப்பதும், விருந்துகளில் நியோர்த்தின் கோப்பையை ஏந்துவதும் அவன் வீட்டாரின் வேலையாக இருந்தது. மேடு என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆள் உயரத்துக்குக் கல் அடுக்கியிருக்கும். பலியின் ரத்தத்தை, சிறு கிளைகளைச் சேர்த்துக் கட்டிய மிலாறுக் கொத்தால் அதன்மேல் தெளிப்பார்கள்.

பழைய மேடு ஒரு சரிவில் இருந்தது. சரிவில் கல் அடுக்கினால் என்ன ஆகும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மண்ணிலிருக்கும் ஈரம் குளிர்காலத்தில் உறைந்து வீங்கிக் கல்லைத் தூக்கும். வசந்தத்தில் உருகும்போது கல் பழைய இடத்துக்கு வராமல் கொஞ்சம் கீழே இறங்கி உட்காரும். வருடா வருடம் இப்படி நகர்ந்தால் மேடு வயிறு தள்ளி, ஒருநாள் சரிந்துவிடும். அதனால் ஔதுன் வசந்தத்தில் அதைப் பிரித்து, கொஞ்சம் வடக்கே தள்ளி வெறும் பாறைமேல், முன்பைவிட உயரமாகக் கட்டினான். நகர்த்திய தூரம் ஒரு படகின் நீளம்தான். பழைய இடத்தில் மண்ணோடு சேர்ந்த புல்பத்தையை வெட்டிப் போட்டு மூடினான். வேலை முடிந்ததும் கடலோரம் இறங்கிப் போய் நின்று பார்த்தான். தூரத்துப் படகுகளுக்கும் தெரியும்படி மேடு நிமிர்ந்து நின்றது. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பெருசா கட்டியிருக்கீங்க அண்ணே," என்றான் மூச்சு வாங்க மேலே வந்த ஐவிந்த். "கடல்லேர்ந்து பாத்தா பளிச்சுனு தெரியுது. நான் முட்டை எடுக்கத் தீவுக்குப் போயிருந்தேன், கைகொடுக்க முடியாமப் போச்சு."

"அதனால என்ன. கிடா நல்லா கொழுத்திருக்கு. ஒண்ணுதானே வச்சிருந்த?"

"ஒண்ணுதான்."

ஐவிந்த் ஏன் வந்திருக்கிறான் என்று ஔதுனுக்குத் தெரியும். அந்தக் கோடை முழுக்க ஐவிந்தின் படகு வெறுமையாகத் திரும்பியது. மற்றவர்கள் எல்லோருக்கும் மீன் கிடைத்தது; அவனுக்கு மட்டும் இல்லை. மீன் கிடைக்காத படகுத் தலைவனை அந்த ஊரில் திறமை இல்லாதவன் என்று சொல்வதில்லை. நியோர்த் கைவிட்டவன் என்று சொல்வார்கள். திறமையைக் கற்றுக்கொள்ளலாம். கைவிடப்பட்டவனோடு ஒரே படகில் யார் உட்காருவார்கள்? குளிர்காலம் தொடங்கும் விருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய காட் மீன் பிடிப்புக்கு யார் யார் படகில் போவது என்று துடுப்பாளர்கள் முடிவு செய்வது அங்கேதான். அன்று ஐவிந்தின் பக்கம் ஆள் வராவிட்டால் அவனுடைய ஆறு துடுப்புப் படகு கொட்டகையிலேயே கிடக்கும். அவன் இன்னொருவன் படகில் கூலியாக ஏற வேண்டியிருக்கும்.

பலி கொடுப்பவன் முதலில் கல்மேல் கை வைத்துத் தன் குறையைச் சொல்ல வேண்டும். ரத்தக் கிண்ணத்தை ஏந்தியிருக்கும் பூசாரி மட்டும் பக்கத்தில் நிற்பான். காதில் விழுவதை அவன் வெளியே சொல்லக் கூடாது. ஐவிந்த் கையை வைத்தான். தலை குனிந்திருந்தது.

"நியோர்த்தே, உன்னோட மேட்டை வச்சுத்தான் எங்க தாத்தா அந்த இடத்தைக் கண்டுபிடிச்சாரு. மேடு மலைவெட்டுக்குள்ள நடுவுல வந்து நிக்கணும். இப்பவும் நிக்குது. நான் தப்பா பாக்கல, சத்தியமா. ஆனா தூண்டில் குண்டை இறக்கினா முன்னெல்லாம் கூழ்ல விழுந்த மாதிரி மெத்துனு இருக்கும். இப்ப டொக்குனு கல்லுல இடிக்குது. மணலை எங்க கொண்டுபோன? என்ன தப்பு பண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாவது எடுத்திருக்கலாம்ல?"

கிண்ணம் ஔதுனின் கையில் இருந்தது. அவன் தலையைத் திருப்பி மலைவெட்டைப் பார்த்தான்.

ஐவிந்த் சொன்னது என்ன என்று புரிய வேண்டுமானால் கடலில் ஓர் இடத்தை எப்படித் திரும்பக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். தண்ணீரில் கோடு போட முடியாது, கழி நட முடியாது. ஆனால் கரையில் இருக்கும் இரண்டு பொருள்கள், ஒன்று அருகிலும் ஒன்று அதன் பின்னால் தொலைவிலும், ஒரே நேராகத் தெரிந்தால் நம் படகு ஒரு குறிப்பிட்ட கோட்டின்மேல் இருக்கிறது என்று பொருள். கொஞ்சம் வடக்கே போனாலும் தெற்கே போனாலும் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதிலிருந்து விலகித் தெரியும். வேறு திசையில் இதேபோல இன்னொரு ஜோடி வைத்துக்கொண்டால் இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளி ஒன்றே ஒன்றுதான். இதைத்தான் கடல்காரர்கள் கணிச்சம் என்பார்கள். பெரிய தட்டைமீன், கதவளவு அகலம் வரைக்கும் வளரும் மீன், இரண்டு பாறை வரம்புகளுக்கு நடுவே ஒடுங்கிய மணல் பள்ளத்தில் கண்களை மட்டும் வெளியே வைத்துப் புதைந்து கிடக்கும். பள்ளத்துக்கு வெளியே எவ்வளவு நேரம் தூண்டில் போட்டாலும் அதற்குத் தெரியாது. அப்படி ஒரு பள்ளத்தின் கணிச்சம் ஒரு குடும்பத்தின் சொத்து. தகப்பன் அதை மகனுக்குப் படகில் வைத்துத்தான் சொல்வான். வீட்டில் சொன்னால் சுவருக்குக் காது இருக்கும்.

ஐவிந்தின் கணிச்சத்தில் முன்னால் இருக்கும் பொருள் இந்த மேடு. பின்னால் இருப்பது மலைவெட்டு, மலைமுகட்டில் வெட்டி எடுத்ததுபோலத் தெரியும் இடைவெளி.

மேடு ஒரு படகு நீளம்தானே நகர்ந்தது என்று தோன்றலாம். ஒரு கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கீல் பக்கத்தில் ஒரு விரற்கடை அசைந்தால் வெளிவிளிம்பு ஒரு முழம் அசையும். மலைவெட்டுதான் இங்கே கீல். மேடு கீலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. படகோ கடலுக்குள் வெகுதூரத்தில், கதவின் விளிம்பில் இருக்கிறது. மேடு ஒரு படகு நீளம் வடக்கே போனால், மேட்டை மலைவெட்டுக்குள் சரியாக நிறுத்திப் பார்க்கும் படகு பல படகு நீளம் வடக்கே போய் நிற்கும். மணல் பள்ளத்தைத் தாண்டி வரம்பின்மேல்.

மேட்டின் காலடியில் நிற்பவனுக்கு அது பழைய மேடுதான், பழைய இடம்தான். கடலிலிருந்து பார்ப்பவனுக்கு மட்டுமே அது வேறு இடம். கடலிலிருந்து பார்ப்பவனும் அதை நம்பித்தான் பார்க்கிறான். படகும் மீனும் மேகமும் நகரும், கல் நகராது என்பதுதான் அவன் தொழிலின் முதல் பாடம். ஒரு சுற்று சுற்றித் தேடியிருக்கலாமே என்று கேட்கலாம். நேரே போய் நின்று தூண்டில் போடுபவனை யாரும் கவனிக்க மாட்டார்கள். தேடி அலையும் படகைப் பார்த்தால் பத்துப் படகு பின்னால் வரும்.

இதெல்லாம் ஔதுனுக்கு மூச்சு விடும் நேரத்தில் புரிந்துவிட்டது. அவனும் கடல்காரன்தான்.

அப்போது அவன் வாயைத் திறந்திருக்கலாம். "நிறுத்து ஐவிந்த்" என்றாலே போதும். ஆனால் ஐவிந்த் கண்களைத் துடைத்துக்கொண்டு கிடாவின் கொம்பைப் பிடித்துத் தலையைப் பின்னுக்கு இழுத்துவிட்டான். ஔதுனின் கை கத்தியை எடுத்தது. பழகிய கை. எங்கே அறுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். கிண்ணம் நிறைந்தது. அவன் மிலாறுக் கொத்தை நனைத்துத் தன் புதிய மேட்டின்மேல் தெளித்தான்.

"ஏத்துக்குவாரா அண்ணே?" என்றான் ஐவிந்த்.

"ஏத்துக்குவாரு."

பலியிறைச்சியைக் கொப்பரையில் வேகவைத்து எல்லோரும் சாப்பிடுவது வழக்கம். ஐவிந்தின் பலிக்கு ஊரிலிருந்து யாரும் வரவில்லை. அவனும் அவன் மனைவி கூரித்தும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பூசாரியின் பங்கு போக மீதியும் ஔதுன் வீட்டிலேயே தங்கியது. அவன் மனைவி ஆஸ்லாக் அதை உப்பிட்டு வைத்து நாள்தோறும் கொஞ்சம் எடுத்து வைத்தாள்.

"என்னங்க, இறைச்சியை இப்படி முழிச்சுப் பாக்கறீங்க? கெட்டுப்போயிடுச்சா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு."

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மெல்ல மெல்ல உப்பும் கொழுப்பும் நாக்கில் இறங்கின. பசியும் இருந்தது. ஒருவனுடைய ஒரே கிடாவைப் பொய்யால் வாங்கித் தின்னும்போதுகூட நாக்கு ருசி பார்க்கத்தான் செய்கிறது என்பது அவனுக்கு முன்பு தெரியாது.

அவன் தனியே மேய்ச்சல் நிலத்துக்குப் போய்ப் பழைய இடத்தில் மண்டியிட்டுக் கையால் தடவினான். புல்லுக்கு அடியில் கல் இருந்த குழி கைக்கு அகப்பட்டது. அங்கிருந்து மலைவெட்டைப் பார்த்தான். புதிய மேட்டைப் பார்த்தான். தனக்குத்தானே பல சமாதானங்கள் சொல்லிக்கொண்டான். ஐவிந்தின் கணிச்சம் தனக்கு எப்படித் தெரியும்? தெரிந்து செய்யவில்லையே. அது உண்மைதான். ஆனால் கத்தியை எடுத்தபோது தெரிந்துதான் எடுத்தான்.

ஐவிந்துக்கு எதிரான பேச்சு நாளுக்கு நாள் வளர்ந்தது. ஆஸ்லாக்கின் தம்பி ஹாரெக்குக்கும் சொந்தப் படகு உண்டு. நாக்கு அதைவிட நீளம். ஒரு மாலை வந்து அடுப்பருகே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"மச்சான், ஐவிந்த் படகு ஆளுங்க ரெண்டு பேரு என்கிட்ட வந்து கேட்டாங்க. எடுத்துக்கட்டுமா?"

"அவன் ஆளுங்களை ஏன் இழுக்கற?"

"நானா இழுக்கறேன்? அவங்களா ஓடி வர்றாங்க. கிடா வெட்டியும் அவனுக்கு ஒரு வாலுகூட மாட்டலயாம். நியோர்த் கிடாவைத் தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டாரு போல!" என்று ஹாரெக் சிரித்தான். ஆஸ்லாக்கும் சிரித்தாள். ஔதுன் எழுந்து வெளியே போனான்.

அவனை உடைத்தது கூரித். அவள் அதிகம் பேசாதவள். ஒருநாள் காலையில் தொழுவத்தின் பக்கம் வந்து நின்று உள்ளங்கையை விரித்தாள். அதில் அவளுடைய மார்பூக்கு ஒன்று இருந்தது. ஆமை ஓடு போல வளைந்த வெண்கல ஊக்கு. அந்த ஊர்ப் பெண்கள் மேலாடையின் இரண்டு தோள்பட்டிகளையும் ஜோடியாக இப்படிப்பட்ட ஊக்குகளால் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று இல்லாவிட்டால் ஆடை ஒரு பக்கம் தொங்கும். கூரித் இடது தோளில் எலும்பு ஊசி ஒன்றைக் குத்தியிருந்தாள்.

"கிடா பத்தலன்னு நெனைக்கிறேன்," என்றாள். "இதையும் கொடுத்துடுங்க. கடல்ல போடுவீங்களோ, கல்லுக்கு அடியில வப்பீங்களோ, உங்களுக்குத்தான் முறை தெரியும்."

"வேண்டாம் கூரித். எடுத்துட்டுப் போ."

"ஏன்?"

"இது வேண்டாம்."

"என் கையிலேர்ந்து வாங்கினா கடவுளுக்குத் தீட்டா?" அவள் குரல் உயரவில்லை. "எங்க கிடா மட்டும் இனிச்சுதுல்ல?"

ஔதுன் தரையைப் பார்த்தான். தொழுவத்துச் சாணத்தில் அவன் கால் புதைந்திருந்தது. காதுமடல் இரண்டும் எரிந்தன. அவளுக்குத் தெரிந்துதான் கேட்கிறாளோ என்று ஒரு நொடி தோன்றியது. தெரியாது. தெரியாமலே சரியான இடத்தில் அடித்துவிட்டுப் போனாள். மறுநாளே, பூசாரி அவர்களுடைய காணிக்கையைக்கூடத் தொடவில்லை என்று ஊர் பேசியது.

அதற்குப் பிறகுதான் அவன் ஐவிந்தின் படகுக் கொட்டகைக்குப் போனான்.

ஐவிந்த் படகைக் கவிழ்த்துப் போட்டுப் பலகை இடுக்குகளில் தார் பூசிக்கொண்டிருந்தான். ஆள் கிடைக்காது என்று தெரிந்த படகுக்கும் அவன் தார் பூசினான்.

"வாங்க அண்ணே. கைவிடப்பட்டவன் கொட்டகைக்குள்ள வந்திருக்கீங்க, ஒட்டிக்கப் போகுது."

ஔதுன் நின்றபடியே சொன்னான். சரிவு, பாறை, ஒரு படகு நீளம், வடக்கு. சொல்லச் சொல்ல அவனுக்கே அது ரொம்பச் சின்ன விஷயம்போலக் கேட்டது. ஐவிந்தின் கை நின்றது. தார் மட்டையை மெதுவாக வாளிக்குள் வைத்தான்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"உங்க வீட்டுல?"

"சொல்லல."

"ஹாரெக்குக்கு?"

"இல்லப்பா. உன் கணிச்சத்தை நான் யாருகிட்டயும் சொல்வேனா?"

ஐவிந்த் தலையாட்டினான். பிறகு கேட்டான். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

ஔதுன் கவிழ்ந்து கிடந்த படகைப் பார்த்தான்.

"கிடாவை அறுக்கறதுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்ன."

ஐவிந்த் அவனை அடிப்பான் என்று ஔதுன் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐவிந்த் குனிந்து தரையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தான். ஒரு முனையைத் தூண் அடியில் கட்டினான். அதுதான் மலைவெட்டு. தூணுக்குப் பக்கத்தில் ஒரு மாக்கல் குண்டை வைத்தான். அது மேடு. கயிற்றைக் குண்டை ஒட்டிக் கொட்டகையின் வாசல்வரை இழுத்துப் பிடித்தான்.

"எவ்வளவு வடக்கேன்னு சொன்னீங்க?"

ஔதுன் குண்டை ஒரு விரல் அகலம் நகர்த்தினான். ஐவிந்த் கயிற்றை மறுபடி குண்டை ஒட்டி இழுத்தான். வாசலில் அதன் முனை ஒரு சாண் விலகி வந்தது. இருவரும் மண்டியிட்டு அந்த ஒரு சாணையே பார்த்தார்கள். ஐவிந்த் இன்னொரு முறை செய்து பார்த்தான்.

"மணல் அங்கயேதான் இருக்கு," என்றான் மெல்ல. "நான்தான் வரம்பு மேல உக்காந்திருக்கேன். மேட்டை வெட்டோட வடக்கு ஓரத்தையும் தாண்ட விட்டுப் புடிச்சா சரியா வரும்." அவன் முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடியது. ஔதுனும் தலையாட்டிக்கொண்டே சிரிக்கப் போனான். ஐவிந்த் நிமிர்ந்து பார்த்தான். ஔதுனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நாளைக்கே மேட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோயிடறேன்," என்றான் ஔதுன்.

"தொடாதீங்க! அதைத் தொட்டீங்கன்னா உங்க மச்சான் ஏன்னு கேப்பான். நான் மீன் புடிக்காத வருஷம் மேடு நகர்ந்துச்சு, திரும்பி வந்ததும் எனக்கு மீன் வந்துச்சுன்னா, கூட்டிக் கழிச்சுப் பாக்கத் தெரியாதவனா அவன்? அப்புறம் வெட்டைப் பாத்துக்கிட்டே எல்லாப் படகும் வந்து நிக்கும்."

"சரி."

"மணல் இருக்குன்னு இப்பத் தெரிஞ்சுடுச்சு. ஆனா மீன் ஆழத்துக்கு இறங்கிடுச்சு, அடுத்த கோடைவரைக்கும் அங்க ஒண்ணும் இல்ல. நாளன்னைக்கு விருந்து. என்கிட்ட எவன் வருவான்?"

"நான் பேசறேன்."

"என்ன பேசுவீங்க? மேட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாலும் என் சொத்தை ஊருக்குப் பங்கு போட்ட மாதிரி."

"மேட்டைப் பத்திச் சொல்ல மாட்டேன்."

ஐவிந்த் வாளியிலிருந்து மட்டையை எடுத்தான். "போயிட்டு வாங்க," என்றான், முதுகைக் காட்டிக்கொண்டு. அண்ணே என்று சொல்லவில்லை.

விருந்து அந்த வருடம் ஔதுனின் நெடுவீட்டில்தான் நடந்தது. நடு அடுப்பில் நெருப்பு நீளமாக எரிந்தது. இருபக்கப் பலகைகளிலும் ஊர் நெருக்கி உட்கார்ந்திருந்தது. ஐவிந்தும் கூரித்தும் கதவோரத்தில், குளிர் உள்ளே வரும் இடத்தில் இருந்தார்கள். யாரும் அங்கே போ என்று சொல்லவில்லை. மற்ற இடங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முறை இப்படி: முதலில் கடவுள்களின் தலைவர் ஓடினின் கோப்பை, வெற்றிக்காக. அடுத்தது நியோர்த்தின் கோப்பை, நல்ல வருடத்துக்காகவும் அமைதிக்காகவும். அதன் பிறகு துடுப்பாளர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய், தாங்கள் விரும்பும் படகுத் தலைவனின் முன்னால் தங்கள் கையுறைகளை வைப்பார்கள். உப்புத் தண்ணீரில் அடித்து அடித்துத் தடிப்பாக்கிய கம்பளிக் கையுறைகள். கையுறை வைத்தால் வாக்குக் கொடுத்ததுபோல. திரும்ப எடுக்க முடியாது.

ஔதுன் நியோர்த்தின் கொம்புக் கோப்பையோடு எழுந்தான். எல்லோரும் அவன் வழக்கமான வார்த்தைகளைச் சொல்லக் காத்திருந்தார்கள்.

"இதை நான் குடிக்க முடியாது," என்றான். "இந்த வருஷம் நியோர்த் கோபமா இருந்தாரு, அது உண்மைதான். ஆனா ஐவிந்த் மேல இல்ல. என் மேல. அவரோட இடத்துல நான் ஒரு தப்பு பண்ணேன். அதோட பலன் ஐவிந்த் தலையில விழுந்துச்சு. அவன் கிடா கொடுத்தப்ப எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் அறுத்தேன். தெரிஞ்சும் தின்னேன். அவன் மேல எந்தக் குறையும் இல்ல. நியோர்த்துக்கு முன்னால இந்த வளையத்தைத் தொட்டுச் சொல்றேன்." பலிநாளில் ரத்தம் படும் வெள்ளி வளையத்தை அவன் முன்கையில் அணிந்திருந்தான். அதைத் தொட்டான்.

பலகைகளில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "என்ன தப்பு?" என்று ஒரு கிழட்டுக் குரல் கேட்டது.

"அதைச் சொல்ல முடியாது."

"எங்ககிட்டயா?"

"யாருகிட்டயும்."

பலகைகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஹாரெக், அந்த இறுக்கத்தைத் தாங்க முடியாமலோ, அக்கா வீட்டுக்காரனைக் காப்பாற்றலாம் என்றோ, உரக்கச் சொன்னான்.

"என்ன மச்சான், மாடு பாக்கப் போன எடத்துல அவசரமா வந்துடுச்சா? மேட்டுக்குப் பின்னால காத்து அடிக்காது, வசதியான இடம்தான்!"

வீடு அதிரச் சிரித்தது. புனித இடத்தில் யாரும் ஒதுங்கக் கூடாது. அந்த ஊரில் அதைவிடக் கேவலமான தப்பு வேறில்லை. அதனாலேயே அதைவிட நல்ல வேடிக்கையும் இல்லை. ஹாரெக்கும் தொடையில் தட்டிச் சிரித்தான். ஔதுன் சீறுவான், பதிலுக்கு ஏதாவது சொல்வான், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தான்.

ஔதுன் வாயைத் திறந்தான். "இல்லை" என்று சொன்னால் "அப்ப என்ன?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பிறகு இன்னொன்று வரும். கேள்விகள் மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஒருநாள் மலைவெட்டில் போய் நிற்கும். இந்த ஒரு பதிலுக்குப் பின்னால் மட்டும் யாரும் எதையும் தேட மாட்டார்கள்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

சிரிப்பு ஒவ்வொரு பலகையாக அடங்கியது. கடைசியில் அடங்கியது ஹாரெக்கின் சிரிப்பு.

"மச்சான்," என்றான் தாழ்ந்த குரலில். "சும்மா சொன்னேன். இல்லைன்னு சொல்லுங்க."

ஔதுன் கோப்பையை மேசைமேல் வைத்தான். முன்கையிலிருந்த வளையத்தைக் கழற்றிக் கோப்பையின் பக்கத்தில் வைத்தான். பின் தன் உயர்ந்த இருக்கைக்குப் போகாமல் பெண்கள் பக்கத்துப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். அவனுக்கு இடம் கொடுக்க அல்ல.

கோப்பையை வேறொருவர் எடுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் குடித்தார். ஒருவருக்கும் அவன் பக்கம் பார்க்கத் துணிவில்லை. பிறகு துடுப்பாளர்கள் எழுந்தார்கள். ஐவிந்தை விட்டு ஹாரெக்கிடம் போகவிருந்த இருவரும் கையுறைகளைப் பிடித்தபடி தயங்கி நின்றார்கள். வயதில் மூத்தவன் கதவோரம் போய்த் தன் கையுறைகளை ஐவிந்தின் முன்னால் வைத்தான். "உன் மேல தப்பு இல்லைன்னு வளையத்தைத் தொட்டுச் சொல்லியாச்சு," என்றான், மன்னிப்புக் கேட்பதுபோல. இளையவனும் வைத்தான். இன்னும் மூன்று ஜோடி வந்தது. ஆறாவது துடுப்பை ஐவிந்தே பிடித்துக்கொள்வான். கூரித் கையுறைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து நேராக அடுக்கினாள். ஐவிந்த் ஒருமுறைகூட ஔதுனின் பக்கம் திரும்பவில்லை. அவன் திரும்பாதது சரிதான் என்று ஔதுனுக்குத் தெரிந்தது. ஒரு பார்வை போதும், யாராவது அதைப் படித்துவிடுவார்கள்.

ஆஸ்லாக் பரிமாறும் தட்டோடு அவன் எதிரே வந்து நின்றாள். அவள் கழுத்துவரை சிவந்திருந்தாள். மற்றவர்கள் கேட்காதபடி குனிந்தாள்.

"நெஜமாவாங்க?"

அவளுக்கு மட்டுமாவது சொல்லிவிடலாம். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். தம்பியிடம் மட்டும் சொல்வாள். தன் புருஷனைப் பற்றி ஊர் சிரிப்பதைத் தம்பி ஒருநாள் குத்திக் காட்டும்போது, பொறுக்க மாட்டாமல் சொல்லிவிடுவாள். அதுவும் அன்பினால்தான்.

"ஆமா," என்றான்.

ஆஸ்லாக் தட்டைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். அவனுக்கு அடுத்து இருந்தவருக்குப் பரிமாறினாள். அதற்கு அடுத்தவருக்கும் பரிமாறினாள்.